கத்தோலிக்கக் கல்லூரியில் மெய்யியல், அறவியல், நீதி: புதிதாகச் சேரும் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்தும் கல்லூரியில் சேரும் மாணவர் மெய்யியலை இரண்டு வழிகளில் எதிர்கொள்கிறார். ஒன்று, அதையே முதன்மைப் பாடமாக எடுத்துப் படிப்பது. மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், கருமாத்தூரில் 1970-இல் தொடங்கப்பட்ட அருள் ஆனந்தர் கல்லூரியைப் போல, மெய்யியலில் இளங்கலைப் பட்டம் அளிக்கும் கல்லூரிகள் மாநிலத்தில் மிகச் சிலவே. மற்றொன்று, வேதியியலோ வணிகவியலோ படிக்க வந்து, பட்டப்படிப்பின் நான்காம் பகுதியில் வரும் மதிப்புக் கல்வித் தாள்களின் வழியாக அறவியலையும் சமூகநீதியையும் படிப்பது. பெரும்பாலானோர் இரண்டாம் வகையினர். முதன்மைப் பாடமாக எடுத்தவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆயினும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் இந்த வகுப்பில் அமர்பவருக்கும் இதில் பெரும்பகுதி பயன்படும்.

இந்தப் படிப்பில் முதலில் கைவர வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. மறுதரப்பை அதன் முழு வலுவோடு எடுத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகே தன் தரப்பை நிறுவுவது என்பதே அது. மாணவனாக இருந்தபோது, மரண தண்டனை கூடாது என்று நான்கு பக்கம் உணர்ச்சி பொங்க எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் இருந்தன: ‘மறுதரப்பு எங்கே?’ மதிப்பெண் போடப்படவில்லை. அந்தத் தாளை மூன்று முறை திருப்பி எழுதிய பிறகுதான் அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் அந்தப் பழக்கத்தை நோக்கியவையே.

சேர்வதற்கு முன்

சேர்க்கைக்கு முன்பு மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது மொழி. வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். தேர்வைத் தமிழில் எழுத இசைவு உண்டா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால், துறைத்தலைவரிடம் நேரில் கேட்பது நல்லது. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர் இதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. படித்த பகுதியைத் தமிழில் அரைப் பக்கம் சுருக்கி எழுதிப் பார்த்து, பிறகு அதை ஆங்கிலமாக்கும் வழக்கம் உள்ளவர்கள், இரண்டாம் பருவத்துக்குள் ஆங்கிலத்தை அப்படியே மனப்பாடம் செய்பவர்களை முந்திவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது சமயம். கிறிஸ்தவர் அல்லாத மாணவரின் பெற்றோர் தயங்கிக் கேட்கும் முதற்கேள்வி, ‘பிள்ளையை மாதா கோயிலுக்குப் போகச் சொல்வார்களா’ என்பதே. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய சம்மதமின்றி, வயது நிரம்பாதவராயின் காப்பாளரின் சம்மதமின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பின் மூன்றாம் உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பல கல்லூரிகளில் ஒரே மணி நேரத்தில் கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வியும், மற்றவர்களுக்கு நன்னெறி அல்லது அறவியல் வகுப்பும் தனித்தனியே நடப்பது இந்த ஏற்பாட்டின்படிதான். ஆனால் மெய்யியல் தாளில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் கத்தோலிக்க மெய்யியலாளரான புனித தோமா அக்குவினாவைப் படிப்பது சமயப் போதனையாகாது. மணிமேகலையைத் தமிழ் வகுப்பில் படிப்பவர் பௌத்தராகிவிடுவதில்லை அல்லவா?

மூன்றாவது, படிப்புக்குப் பின் என்ன என்பது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான, பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வு மெய்யியலிலும் உண்டு. குடிமைப் பணித் தேர்வின் முதன்மைக் கட்டத்தில் மெய்யியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். அதே கட்டத்தில் அறவியலுக்கென்றே 250 மதிப்பெண்ணில் ஒரு பொதுத்தாள் 2013 முதல் அனைவருக்கும் கட்டாயமாக உள்ளது. மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும் இந்தப் பட்டம் நல்ல அடித்தளம். இவற்றுக்கு அப்பால் வேலை உறுதி என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் அருகில் அமர்பவர் யார்

சில கல்லூரிகளில் உங்கள் வகுப்பில் குருமாணவர்களும் இருப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, குருவாக விரும்புபவர் இறையியலோடு குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது மெய்யியலும் படித்தாக வேண்டும். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1879-இல் திருச்சபைக்குப் போதனையாக வெளியிட்ட சுற்றுமடல், அக்குவினாவின் மெய்யியலைக் கத்தோலிக்கக் கல்விக்கு முதன்மை வழிகாட்டியாக முன்வைத்தது. அந்தச் சிந்தனையாளரின் பெயர் இந்தக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். குருமாணவர்களுக்குக் கலைச்சொற்கள் முன்பே அறிமுகமாகியிருக்கும். அதைக் கண்டு ஒதுங்காமல், அவர்களோடு சேர்ந்து படிக்கும் குழுவை முதல் மாதத்திலேயே அமைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அறிந்த விடைகளை நீங்கள் கேள்வி கேட்பீர்கள். அது அவர்களுக்கும் தேவை.

இந்தப் படிப்பு தமிழ் மண்ணுக்குப் புதிதும் அன்று. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவரும் 1606-இல் மதுரைக்கு வந்தவருமான இத்தாலியர் இராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்ற பெயரில் தமிழும் வடமொழியும் கற்று இவ்வூர் அறிஞர்களோடு வாதிட்டார். வீரமாமுனிவர் என்று நாம் அறியும் பெஸ்கி, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். உங்கள் துறை நூலகத்தில் குறளும் அக்குவினாவும் அடுத்தடுத்த அலமாரிகளில் இருந்தால், அதற்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

சொற்களுக்கு ஒரு குறிப்பேடு

முதல் வாரமே ஒரு தனிக் குறிப்பேடு வாங்கி, இடப்பக்கத்தில் சொல்லையும் வலப்பக்கத்தில் அது யாரால், எந்தப் பொருளில் ஆளப்பட்டது என்பதையும் எழுதி வாருங்கள். அறம், நீதி, நியாயம், உரிமை, கடமை, மாண்பு, மனச்சான்று, பொது நன்மை ஆகிய எட்டுச் சொற்களோடு தொடங்கலாம். அகராதிப் பொருளை மட்டும் எழுதினால் பயன் குறைவு.

எடுத்துக்காட்டாக, சமூகநீதி என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் இடஒதுக்கீடுதான் நினைவுக்கு வரும். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் பிறந்து 1928 முதல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி அரசாணை, அதைச் செல்லாததாக்கிய 1951-ஆம் ஆண்டின் செண்பகம் துரைராஜன் வழக்கு, அதன் விளைவாக அதே ஆண்டில் வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தம் என்று நீளும் ஒரு போராட்ட வரலாறு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கத்தோலிக்க வகுப்பறையில் அதே சொல்லுக்கு வேறொரு பிறப்பு உண்டு. தப்பரெல்லி என்ற இத்தாலிய இயேசு சபையினர் 1840-களில் இயற்கைச் சட்டத்தை, அதாவது மனித இயல்பிலிருந்தே பகுத்தறிவால் அறியப்படும் அறநெறியைப் பற்றிய தம் நூலில் இத்தொடரை ஆண்டார். 1931-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸின் சுற்றுமடலில் அது திருச்சபையின் சொல்லாகவே நிலைபெற்றது. அங்கே அது முதன்மையாகக் கூலி, சொத்துரிமை, தொழிலாளர் சங்கம், அரசின் கடமை ஆகியவற்றைப் பற்றியது. சாதி அதில் பேசப்படவில்லை. ஆசிரியர் ஒரு பொருளிலும் மாணவர் மற்றொரு பொருளிலும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தி, ஒரு பருவம் முழுவதும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்ளும் வகுப்புகள் உண்டு. ஆகவே விவாதத்தைத் தொடங்குமுன், எந்தச் சமூகநீதி என்று கேட்டுத் தெளிவது நேர்மையான முதற்கேள்வியாகும்.

ஒரே ஒரு பகுதியை முழுதாகப் படித்துப் பாருங்கள்

அக்குவினாவின் இறையியல் தொகுப்பு ஐந்நூறுக்கும் மேற்பட்ட வினாக்களாகவும், ஒவ்வொரு வினாவும் சிறு சிறு கூறுகளாகவும் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கூறும் ஒரே அமைப்பில் இருக்கும்: முதலில் தம் முடிவுக்கு எதிரான வாதங்கள், பிறகு அவற்றை மறுக்கும் ஒரு மேற்கோள், அதன் பின் ஆசிரியரின் விடை, கடைசியில் ஒவ்வோர் எதிர்வாதத்துக்கும் தனித்தனியே மறுமொழி. புதியவர்கள் செய்யும் பெரும்பிழை, முதலில் வரும் எதிர்வாதத்தையே அக்குவினாவின் கருத்து என்று குறித்துக்கொள்வது. தேர்வுத் தாளில் இதை ஆண்டுதோறும் காணலாம். நமக்கு இந்த முறை அந்நியமானதும் அன்று. அருணந்தி சிவாசாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று பிரித்து, பிறர் கொள்கையை முதலில் எடுத்துக்கூறி மறுத்த பின்னரே தம் கொள்கையை நிறுவினார். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையிலும் மணிமேகலை சமயவாதிகள் பலரின் கொள்கைகளை அவரவர் வாயிலாகவே கேட்டறிகிறாள்.

எந்தப் பகுதியில் தொடங்கலாம் என்று கேட்பவருக்கு, இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில் 66-ஆம் வினாவின் ஏழாம் கூறையே நான் காட்டுவேன். கடும் தேவையின்போது திருடலாமா என்பது அங்கே கேள்வி. கூடாது என்ற பக்கத்தில், தேவையால் திருடியவனுக்கும் தவமுயற்சி விதித்த திருச்சபை விதி ஒன்றையும், சில செயல்கள் தம் இயல்பிலேயே தீயவை என்ற அரிஸ்டாட்டிலின் கூற்றையும் அக்குவினா எடுத்து வைக்கிறார். பிறகு தம் விடையைச் சொல்கிறார்: பொருள்களின் பங்கீடும் உடைமையும் மனிதச் சட்டத்தால் அமைந்தவை, பொருள்களோ மனிதரின் தேவையைத் தீர்ப்பதற்கென்றே அமைந்தவை, ஆகவே ஒருவரிடம் மிகுந்திருப்பது இயற்கைச் சட்டப்படி ஏழைகளுக்குச் சேர வேண்டியது. தேவை வெளிப்படையானதாகவும் உடனடியானதாகவும் இருந்து வேறு வழியே இல்லாதபோது, பிறர் பொருளை எடுத்துப் பசியாற்றுவது திருட்டே ஆகாது என்று அவர் முடிக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் இவ்வளவு துணிந்து எழுதியிருப்பதை முதல் முறை படித்தபோது அடைந்த வியப்பு எனக்கு இன்றும் குறையவில்லை.

இப்போது குறளை எதிர்ப்பக்கத்தில் வையுங்கள்.

ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க
சான்றோர் பழிக்கும் வினை.

பெற்ற தாயின் பசியைக் கண்ணால் காணும் நிலையிலும், சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது 656-ஆம் குறள். அக்குவினாவுக்கு இதைவிட வலுவான எதிர்வாதம் கிடைப்பது அரிது. ‘வள்ளுவர் கூடாது என்கிறார், அக்குவினா கூடும் என்கிறார்’ என்று எழுதிவிட்டு நின்றுவிட்டால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். இந்தக் குறள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது அமைச்சியலில், வினைத்தூய்மை அதிகாரத்தில் வருகிறது. பரிமேலழகர் உரை இதைக் கூர்மையாகக் கவனிக்கிறது: முதிய பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடும்போது தகாதன செய்தாகிலும் அவர்களைக் காக்கலாம் என்பது அறநூல்களின் பொதுவிதி என்றும், அரசியல் நெறியில் நிற்கும் அமைச்சருக்கு அந்தப் பொதுவிதி பொருந்தாது என்பதாலேயே வள்ளுவர் இவ்வாறு கூறினார் என்றும் அவர் விளக்குகிறார். அப்படியானால் பசித்த குடிமகனுக்கு ஒரு விதி, அதிகாரத்தில் இருப்பவருக்கு வேறு விதியா? குறள் பொதுமறை என்று கொள்பவர் பரிமேலழகரின் இந்த வரம்பை ஏற்பாரா? அமைச்சர் தம் தாயின் பசிக்காகவும் அரசுக் கருவூலத்தில் கை வைக்கக் கூடாது என்பதை அக்குவினாவும் ஒப்புவாரா? இந்த மூன்று கேள்விகளோடு எழுதப்படும் கட்டுரை உண்மையான மெய்யியல் கட்டுரையாக இருக்கும்.

அடுத்த பயிற்சிக்குப் பொய்யை எடுத்துக்கொள்ளலாம். புரைதீர்ந்த நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்கிறது 292-ஆம் குறள்; எந்தப் பொய்யும் பாவமே என்கிறார் அக்குவினா; நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடமும் பொய் சொல்லும் உரிமை இல்லை என்று 1797-இல் ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் எழுதினார். மூவரில் யாருடைய வாதம் உங்களுக்குப் பிடிக்கவில்லையோ, அவருக்காக முதலில் எழுதுங்கள்.

வாசிப்பின் வரிசை

முதலாண்டில் பிளேட்டோவின் சிறு உரையாடல்களும், அரிஸ்டாட்டிலின் அறவியல் நூலில் நீதியைப் பற்றிய ஐந்தாம் பகுதியும் போதும். பின்னர் அக்குவினாவின் சட்டம் பற்றிய பகுதி, காண்ட், மில், 1971-இல் வெளிவந்த ரால்ஸின் நீதிக் கோட்பாடு, அமர்த்தியா சென் 2009-இல் அதற்குச் சொன்ன மறுமொழி என்று செல்லலாம். நீதி என்ற சொல்லுக்கும் நியாயம் என்ற சொல்லுக்கும் வடமொழி மரபில் உள்ள வேறுபாட்டை சென் தம் வாதத்துக்கே அடிப்படையாக்குகிறார். உங்கள் சொற்குறிப்பேட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியத்தை இணையத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். தமிழ் மூலங்களுக்கு, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் இருக்கிறது. சுருக்க நோட்டுகளை முதலாண்டிலேயே வாங்கிவிட்டால் மூலத்தைத் தொடும் பழக்கம் வராமலே போய்விடும்.

திருச்சபையின் சமூகப் போதனை மடல்கள் வத்திக்கான் இணையதளத்தில் கிடைக்கின்றன. தொழிலாளர் நிலை பற்றிய 1891-ஆம் ஆண்டு மடல், உலக அமைதி பற்றிய 1963-ஆம் ஆண்டு மடல், சுற்றுச்சூழல் பற்றிய 2015-ஆம் ஆண்டின் ‘இறைவா உமக்கே புகழ்’ ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதுமானவை. அவற்றைப் பக்க எண்ணால் அல்லாமல் பத்தி எண்ணால் மேற்கோள் காட்டுவதே முறை. 1891-ஆம் ஆண்டு மடலைப் படித்த அதே வாரம், அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையையும் படியுங்கள். சாதி என்பது உழைப்பின் பிரிவினை மட்டுமன்று, உழைப்பாளர்களையே பிரித்து வைப்பது என்ற அவருடைய வாதம், முதலாளி, தொழிலாளி என்ற இருவரை மட்டுமே கண்ட அந்த மடலில் விடுபட்டது எது என்பதைக் காட்டிவிடும்.

கேள்வி கல்லூரியின் வாசலிலேயே நின்றுவிடவும் கூடாது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி நிலையை, சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1956-இல் மற்றச் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இது அரசை நோக்கிய நீதிக் கேள்வி. தமிழ்நாட்டின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிப் பிரிவு இருந்ததும் இருப்பதும் திருச்சபையை நோக்கிய நீதிக் கேள்வி. 1975-இல் நிறைவுற்ற இயேசு சபையின் 32-ஆம் பொதுப்பேரவை, நம்பிக்கைப் பணியையும் நீதியை வளர்ப்பதையும் பிரிக்க முடியாது என்று தன் நான்காம் ஆணையில் அறிவித்தது. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகளையும் வகுப்பில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மரியாதையோடு கேட்கப்பட்ட கடினமான கேள்வியை நல்ல ஆசிரியர் வரவேற்பார்.

ஸ்டான் சுவாமியைப் பற்றி எழுதும் வாய்ப்பும் வரலாம். திருச்சி மாவட்டத்தில் பிறந்த இந்த இயேசு சபைக் குரு, ஜார்க்கண்டில் பழங்குடியினரின் நில உரிமைக்காகவும், விசாரணைக் கைதிகளாக அடைபட்டிருந்த இளைஞர்களுக்காகவும் உழைத்தார். மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகானில் 2018-இல் நடந்த வன்முறை தொடர்பான வழக்கில் 2020 அக்டோபரில் கைதானார். நடுக்குவாதத்தால் குவளையைப் பிடிக்க இயலாமல், உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுச் செய்தார். பிணை மனு நிலுவையில் இருக்கையில், 2021 ஜூலை 5-இல் தம் 84-ஆம் வயதில் இறந்தார். மனம் கொதிக்கும் பொருள்தான் இது. ஆனாலும் அரசுத் தரப்பு என்ன குற்றம் சாட்டியது, எந்தச் சட்டப்பிரிவின்படி பிணை மறுக்கப்பட்டது என்பதை முதல் இரண்டு பக்கங்களில் நேர்மையாக எழுதுங்கள். குற்றம் மெய்ப்பிக்கப்படாத முதியவர் ஒருவர் தண்ணீர் குடிக்க ஒரு குழலுக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது என்ற செய்தி, அதன் பிறகு வரும்போது, நீங்கள் அடைமொழி சேர்க்காமலே தன் முழு எடையோடு நிற்கும்.

களத்துக்குப் போகும்போது

பெரும்பாலான கத்தோலிக்கக் கல்லூரிகளில் சிற்றூர்களுக்கோ நகரின் குடிசைப் பகுதிகளுக்கோ சென்று பணியாற்றும் விரிவாக்கத் திட்டம் ஒன்று உண்டு. அதை வருகைப் பதிவுக்காக மட்டும் முடிப்பவர், நீதியைப் பற்றிய தாளில் பாதியை இழக்கிறார்.

தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். போவதற்கு முன், கையால் மலமள்ளும் பணியைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவையும், இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்திய 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் படித்துச் செல்லுங்கள். நடந்த தீங்குக்கு ஈடு செய்வதை அரிஸ்டாட்டில் திருத்த நீதி என்பார். 30 லட்சம் அந்த வகையைச் சேரும். குழிக்குள் இறங்குபவர் எப்போதும் ஒரே சில சாதிகளிலிருந்தே ஏன் வருகிறார் என்பது, சமூகத்தின் நன்மைகளும் சுமைகளும் யாருக்கு எவ்வளவு என்று கேட்கும் பங்கீட்டு நீதியின் கேள்வி. அதற்கு எந்தத் தொகையும் விடையாகாது. வகுப்பில் இரண்டு வரையறைகளாக மட்டும் நின்ற இந்த வேறுபாடு, அந்தத் தெருவில் நிற்கும்போது உங்களுக்குத் தானாகவே பிடிபடும்.

அங்கே குறிப்பேட்டை உடனே திறக்காதீர்கள். வயதில் மூத்தவரை அம்மா, ஐயா என்று அழைத்து, எதற்காக வந்திருக்கிறீர்கள், எழுதியது யாரிடம் போகும் என்பதைச் சொல்லி, எழுத இசைவு கேளுங்கள். பெயரையும் வீட்டு அடையாளத்தையும் எழுத வேண்டாம். அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ‘குழிக்குள்ள இறங்கினப்போ’ என்று அவர் சொன்னதைத் ‘தொழில்சார் இடர்’ என்று மாற்றி எழுதினால், அவர் வாழ்க்கை அந்தத் தாளை விட்டுப் போய்விடும். அடுத்த வாரம் அதே வீட்டுக்குத் திரும்பிச் சென்று, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் நீக்கச் சொன்ன வரியை நீக்கி, திருத்தச் சொன்னதைத் திருத்திய பிறகே தாளைத் துறையில் ஒப்படையுங்கள்.